அறுபத்திரண்டு மீட்டர்

ரைஸ்மில் பின்தெரு இருந்த இடத்தை விட்டு நகர ஆரம்பித்தது சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை. அதை முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர் அந்தோணி. பதினாறு வருஷமாக அவர் சைக்கிளை நிறுத்தி இடது காலை ஊன்றுகிற ரைஸ்மில் சுவர் அன்றைக்குக் காலுக்கு எட்டாமல் போக, பால் கேனோடு சரிந்து விழுந்து, எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, சுவரையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, தெரு தள்ளிப் போயிருக்கு" என்றார். எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். இரண்டு வரிசையாக இருபத்தாறு வீடு, நடுவில் ஒரு குழாய், மேற்கு முனையில் ஆளுயரக் காளியம்மன் கோயில், ஒரு கரண்டு கம்பம், கம்பத்தில் கட்டியிருந்த ஆடு, எல்லாம் சேர்ந்து மூன்று மீட்டர் மேற்கே போயிருந்தன. ஒரு சுவரில்கூட விரிசல் இல்லை, ஒரு வீட்டில்கூட தண்ணீர்க் குடம் தளும்பவில்லை. ஆடு மட்டும் கொஞ்சம் முழித்தது என்று சொன்னார்கள். ஆடு எப்போதும் முழிக்கத்தான் செய்யும்.

ஏன் மேற்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மேற்கேதான் மதில் ஸ்கூல் இருக்கிறது. அதற்கு வாய்க்குள் நுழையாத நீளத்தில் வேறு பெயர் உண்டு, ஆனால் சுற்றிலும் ஏழடி மதில் இருப்பதால் ஊர் அப்படித்தான் சொல்லும். அந்த மாதிரித் தனியார் பள்ளிக்கூடத்தில் நாலில் ஒரு இடம் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஃபீஸ் கிடையாது, அரசாங்கமே கட்டிவிடும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மதில் ஸ்கூலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு கட்டிக் குடியிருக்க முடிந்தவர்களுக்கு அந்தச் சட்டமே தேவைப்படாது என்பது வேறு விஷயம். சட்டம் போடுகிறவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், இதையெல்லாமா யோசிப்பார்கள்.

முந்தின நாள் புதன்கிழமை, தெருவின் கடைசி வீட்டுக்காரி தங்கமாரி தீப்பெட்டி ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகள் மித்ராஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு, இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றாள். ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி எல்லாம் கிடையாது, அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். தங்கமாரிக்கு அங்கே பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதில் அஞ்சாவதுவரை படித்தது தெருவுக்குப் பின்னால் இருக்கிற சர்க்கார் பள்ளிக்கூடத்தில், அங்கே அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர், அதில் ஒருவரை ஓட்டு லிஸ்ட் சரிபார்க்க, வீட்டுக் கணக்கெடுக்க என்று மாதத்தில் பாதி நாள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மிச்சம் இருக்கிற ஒருத்தர் வராந்தாவில் நின்று அஞ்சு வகுப்பையும் மேய்ப்பார். அந்த டீச்சரைக் குறை சொல்லி யாராவது பேசினால் தங்கமாரி சண்டைக்கு வருவாள். ஆனாலும் மதில் ஸ்கூலைப் பற்றி அவள் தெரிந்துவைத்திருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர். டையும் ஷூவும் பஸ்ஸும் அவள் மனசில் ஒட்டவில்லை, அது மட்டும் ஒட்டிக்கொண்டது. மித்ராஸ்ரீக்கு எல்.கே.ஜி. சேர இந்த வருஷத்தை விட்டால் வயசு தாண்டிவிடும்.

இ-சேவைப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்க வீடு ஆயிரத்து அறுபத்திரண்டு மீட்டர் காட்டுது" என்றாள்.

"அறுபத்திரண்டுதான தாயி கூட இருக்கு? எம்பிள்ளை ஒரே மூச்சுல ஓடிருவாளே."

"கம்ப்யூட்டர் ஏத்துக்கிட மாட்டேங்குதுக்கா. நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக் குடியிருந்திருந்தா ஆயிருக்கும்."

தங்கமாரி திரும்பி வந்து, குழாயடியில் நின்று, யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாக, "கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தா ஆயிருக்குமாம்" என்று சொன்னாள். குழாயடியில் இருந்தவர்கள் கேட்டார்கள். தெருவும் கேட்டிருக்கும்போல.

அதற்குப் பிறகு தினமும் மூன்று மீட்டர், வெயில் கூடின நாளில் கொஞ்சம் கம்மி. தெருவும் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. லைன்மேன் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து வயரில் ஒட்டுப் போட்டார், மூன்றாம் தரம் வந்தபோது ஒரேயடியாகச் சுருளைக் கம்பத்திலேயே மாட்டிவிட்டு, தேவைப்படுகிறபோது அவிழ்த்துவிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். குழாய்க்கு ரப்பர் டியூப் வந்தது. தபால்காரர் தெரு முன்னால் இருந்த இடத்தில் நின்று இன்றைக்கு இத்தனை மீட்டர் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டு நேராக வந்தார். டிவிக்காரர்கள் காமிராவோடு வந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்று பார்த்து, மூன்று மீட்டர் ஒரு நாளெல்லாம் நகர்ந்தால் அதை எப்படிக் காட்டுவது என்று சலித்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். முன்னால் கிடந்த பொட்டலில் பிளாட் போட்டு வைத்திருந்த புரோக்கர் சண்டைக்கு வந்தார். கல்லை ஒன்றையும் தெரு அசைக்கவில்லை, மேலேயே ஏறிப் போகிறது என்று காட்டினதும் சமாதானமாகி, போகிற தெரு சீக்கிரம் போனால் தேவலை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சீமைக் கருவேல முள்தான் தொல்லை. அதனால் பொம்பளைகள் ஆபீஸ் விட்டு வந்ததும் ஆளுக்கு ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு முன்னால் போய், மறுநாளைக்கு வேண்டிய மூன்று மீட்டரைச் சுத்தம் செய்து வைத்தார்கள்.

தங்கமாரியின் புருஷன் வெயிலுமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், மாசத்துக்கு ஒரு தரம் வருவான். பஸ்ஸை விட்டு இறங்கி ரைஸ்மில்லுக்குப் பின்னால் வந்தவன், தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண் கிடப்பதைப் பார்த்து, கொஞ்ச நேரம் பையோடு நின்றுவிட்டு, தலையை நிமிர்த்திப் பார்த்து, கண்ணுக்கு எட்டின தூரத்தில் தன் வீட்டு நீலக் கதவைக் கண்டுபிடித்து நடந்து வந்துசேர்ந்தான். "போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டதோடு சரி.

இ-சேவைப் பெண்ணே ஒரு சாயங்காலம் போனோடு வந்து ஆயிரமாவது மீட்டர் எது என்று காட்டிக் கொடுத்தாள். அந்த இடத்தில் செல்லக்கிளி சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். செல்லக்கிளிக்குத் தெருவில் முதல் வீடு, தங்கமாரிக்கு மதினி முறை, ஆபீஸில் பக்கத்துப் பலகையில் உட்காருகிறவள்; அவள் மகன் கிஷோருக்கும் மித்ராஸ்ரீ வயசுதான். முதல் வீடு நாலாம் நாளே கோட்டைத் தாண்டியது, செல்லக்கிளி ஒரு கிலோ காரச்சேவு வாங்கித் தெருவுக்கே கொடுத்தாள், அதிலிருந்து வீடு கோட்டைத் தாண்டுகிற அன்றைக்கு வீட்டுக்காரர்கள் சேவு வாங்க வேண்டும் என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, ஆறாம் வீடு என்று தினமும் சேவு. பிள்ளைகள் சோறு தின்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கடைசி வீட்டுக்காரி மட்டும் கையில் சேவை வைத்துக்கொண்டு, கோட்டுக்கும் தன் வாசலுக்கும் எத்தனை எட்டு என்று தினமும் நடந்து பார்த்தாள்.

இருபதாம் நாள் ஐம்பத்தொன்பது மீட்டர் ஆகியிருந்தது, இன்னும் மூன்று. மனு கொடுக்க அடுத்த திங்கட்கிழமைதான் கடைசி. ஆறு நாள் இருக்கிறதே, ஒரு நாள் போதுமே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், அந்த நிம்மதியில்தான் ஒரு காரியம் செய்தார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காளியம்மன் கோயில் பொங்கலுக்கு வருஷா வருஷம் காப்புக் கட்டுகிற நாள். மேளம் வைத்து, மஞ்சள் கயிறை முதலில் அம்மனுக்குக் கட்டி, பிறகு வரிசையில் நின்றவர்கள் கையில் எல்லாம் பூசாரி சங்கையா கட்டினார். முதலில் கை நீட்டியவள் தங்கமாரி. பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் நீட்டினாள்.

மறுநாள் காலையில் தெரு நகரவில்லை. அதற்கு மறுநாளும் நகரவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது, குழாயடியில் நின்றவர்கள் ஒருத்தர் மணிக்கட்டை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு எல்லையை விட்டுப் போகக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் தெருவே போய்விட்டால் எதற்குள் திரும்புவது? பொங்கல் முடிந்து காப்பு அவிழ்ப்பது அடுத்த புதன்கிழமை. மனுவுக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை.

தங்கமாரி கோயிலுக்கு ஓடினாள்.

"மூணே மூணு மீட்டரு, சங்கையாண்ணே. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"ஆத்தாளே கையில காப்போட உக்காந்திருக்கா தாயி. அவளாலயே அசைய முடியாது, உன்னைய எப்படி அசைப்பா?"

"எனக்கு மட்டும் அவுத்து விட்டுருங்க."

"நகர்றது நீயா? தெருவுல்ல நகருது. நாப்பது கையில கட்டியிருக்கு, அம்புட்டையும் அவுக்கணும். அவுக்கவா?"

தங்கமாரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆபீஸுக்குப் போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள், கை பாட்டுக்குக் குச்சியை அள்ளிப் பெட்டியில் அடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வந்தது. நானே கையை நீட்டிக் கட்டிக்கொண்டேனே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மருந்துக் குச்சி நனைந்தால் மேஸ்திரி கத்துவாரே என்று முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு அழுதாள்.

செல்லக்கிளி அவள் அழுது முடிக்கிறவரை அவள் பெட்டிக்கும் சேர்த்துக் குச்சி அடைத்தாள். அப்புறம், "தெரு நகரக் கூடாது, சரி. வீடு நீளக் கூடாதுன்னு ஆத்தா சொன்னாளா?" என்றாள்.

"என்ன மதினி சொல்றீக?"

"பொங்கலுக்குப் பந்தக்காலு வந்து கெடக்கு, கீத்து கெடக்கு. ஒன் வாசல்ல இருந்து கோட்டைத் தாண்டி நாலு மீட்டருக்கு ஒரு பந்தலை இழுத்துருவோம். அந்தக் கடைசில அடுப்பைப் போட்டுப் பாலைக் காய்ச்சு. பால் காய்ச்சுனா அது வீடா இல்லையா?"

அந்த ஊரில் அதை யாரும் மறுக்க முடியாது. பூச்சுப் பூசாத வீடு, கதவு வைக்காத வீடு, கூரையே போடாத வீடு என்று எத்தனையோ வீட்டில் நாள் நன்றாக இருக்கிறதென்று பால் காய்ச்சியிருக்கிறார்கள், காய்ச்சிய நிமிஷத்திலிருந்து அது வீடுதான். பந்தல் டெய்லர் ராமுத்தாயின் வாசலை அடைத்துக்கொண்டுதான் போனது. ராமுத்தாய் அந்த வாரம் முழுக்கத் தன் வீட்டுக்குள் குனிந்து போய்க் குனிந்து வந்தாள், முதுகு பிடித்துக்கொண்டது, வாயைத் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் இன்னும் தெருவைப் பழைய இடத்திலேயே காட்டிக்கொண்டிருந்ததாலும், மதில் ஸ்கூல்காரர்கள் இதெல்லாம் செல்லாது என்று எழுதிப் போட்டிருந்ததாலும், திங்கட்கிழமை காலையில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசீர்வாதம் சார் நேரில் அளக்க வந்தார். கையில் உருட்டுகிற சக்கரம், தலையில் கைக்குட்டை. பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்துப் பொட்டல் வழியாக நேராக உருட்டிக்கொண்டு வந்தவர், செல்லக்கிளி வீட்டை எழுதினார், தெருவில் மனுப் போட்டிருந்த மற்ற நாலு பிள்ளைகளின் வீட்டை எழுதினார், கடைசியில் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றார். பந்தலுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புதுப் பானை, பானையில் மஞ்சள் கொத்து, சுற்றிலும் தெருவே நின்றது. அவர் வாயைத் திறப்பதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருந்தது. குலவைச் சத்தத்தில் அவர் என்ன கேட்டார் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

"மொதல்ல பால் குடிங்க சார்" என்று செல்லக்கிளி டம்ளரை நீட்டினாள்.

"எனக்கு சீனி ஆகாதும்மா."

"சீனி போடலை சார். பனங்கற்கண்டுதான்."

அவர் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "பந்தலை எப்படிம்மா வீடுன்னு எழுதுறது? நாளைக்கு என்னையத்தான கேப்பாங்க" என்றார்.

தங்கமாரி முன்னால் வந்தாள். "சார், பால் காய்ச்சுன எடத்துல உக்காந்து பால் குடிச்சிட்டீக. நீங்களே சொல்லுங்க, வீட்டுல குடிச்சீகளா, வெளியில குடிச்சீகளா? நீங்க சொல்றதை நான் ஏத்துக்கிடுறேன்."

ஆசீர்வாதம் சார் காலி டம்ளரைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கு ஜன்னலே இல்லாமத்தான் ஜெபம் பண்ணிப் பால் காய்ச்சுனோம்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, சக்கரத்தை அடுப்புவரை உருட்டி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சேவு வாங்க வேண்டிய முறை தங்கமாரிக்கு. இரண்டு கிலோ வாங்கினாள்.

அடுத்த வாரம் மதில் ஸ்கூலில் குலுக்கல். இடம் பதினைந்து, மனு எழுபத்தொன்று. நடுவில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு எவர்சில்வர் குடம், குடத்துக்குள் எழுபத்தொரு பிள்ளைகளின் பெயர். யூ.கே.ஜி. படிக்கிற ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கையை விடச் சொன்னார்கள். ஒன்பதாவது சீட்டு மித்ராஸ்ரீ. தங்கமாரி எழுந்து நின்றுவிட்டாள், உடம்பு முழுக்கச் சந்தோஷம், பக்கத்தில் இருந்த செல்லக்கிளி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எடுத்தார்கள். பதினைந்தோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிஷோர் பெயர் குடத்துக்குள்ளேயே இருந்தது. தெருவின் மற்ற நாலு பிள்ளைகளின் பெயரும்தான். கோட்டை நாலாம் நாளே தாண்டிய வீடு, பந்தல் போடச் சொன்ன வாய், ஒன்றும் கணக்கில் வரவில்லை. "நம்ம தெருவுல ஒண்ணுக்காவது கெடைச்சதுல்ல, நல்லதுதான்" என்று செல்லக்கிளி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தங்கமாரியால் முடியவில்லை. இத்தனை மீட்டர் சேர்ந்து வந்து, கடைசியில் தான் மட்டும் மதிலுக்குள் போகிற மாதிரி அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காப்பு அவிழ்த்த பிறகும் அசையாமல் கிடந்த தெரு, குலுக்கலுக்கு மறுநாள் காலையில் திரும்பியிருந்தது. மாடு படுத்த இடத்திலேயே திரும்பிப் படுக்கிற மாதிரி முழுத் தெருவும் திரும்பி, கோயில் கடைசிக்குப் போய், தங்கமாரியின் நீலக் கதவு வீடு முதல் வீடாகி, தெற்கே பார்த்து நின்றது. மூன்று மீட்டர் போயும் இருந்தது. பழைய இடத்துக்குத்தான் போகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் ரைஸ்மில் கிழக்கே இருக்கிறது. தெற்கே போகிற வழியில் பைபாஸைத் தாண்டினால் பெரிய இடம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: முப்பத்தெட்டு கிலோமீட்டரில் கலெக்டர் ஆபீஸ். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விளங்கினதும் அவரவர் பல் விளக்கப் போனார்கள்.

"ஒரு நாளைக்கு மூணு மீட்டருன்னா போய்ச் சேர முப்பத்தஞ்சு வருசம் ஆகும்" என்றாள் செல்லக்கிளி, அரிவாளோடு வந்து முன்னால் நின்றுகொண்டு. "ஒம்பிள்ளைக்குத்தான் எடம் கெடைச்சிருச்சே, தங்கமாரி. நீ எதுக்குத் தூரம் போற? பந்தக்கால் நாலை ஊனி ஒன் வீட்டை மட்டும் இங்கயே நிறுத்திக்க. நாங்க போய்க் கேக்குறோம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

தங்கமாரி பந்தலின் கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இனிமேல் தினமும் மூன்று மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும், பைபாஸ் வந்தால் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பந்தக்காலைக் குழியிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னன்னு கேப்பீக, மதினி?"

"ஒரு கொடத்துக்குள்ள கைய விட்டுப் பதினஞ்சு பிள்ளைய எடுத்தீகளே, மிச்சப் பிள்ளைகளை என்ன செஞ்சீகன்னு கேப்போம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் வகுப்புக்கு ஒரு டீச்சர் போட்டா கொடம் எதுக்குன்னு கேப்போம்."

"நீங்க கேட்டா என்ன சொல்வாக தெரியுமா? கெடைக்காத வயித்தெரிச்சல்ல பேசுறாகன்னு சொல்வாக." தங்கமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள். "கெடைச்சவ கேட்டா அப்படிச் சொல்ல முடியாதுல்ல. பதில் சொல்லித்தான ஆகணும்."

சொல்லிவிட்டு முள்ளை வெட்ட முன்னால் போனாள். அன்றைக்குத் தெரு ஐந்து மீட்டர் போனது.